வெளுக்க மறுத்த கலரக்கா

"மூக்குத்தி எங்க போச்சுன்னு சொல்லு. அப்புறம் நீ கேட்ட மாதிரியே போட்டுத் தர்றேன்."

கலரக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. கள்ளக்குறிச்சியில் ஒரு கேபிள் சேனலில் நான் செய்தி வாசிக்கச் சேர்ந்து அன்றைக்கு இரண்டாம் நாள். முதல் நாள் வாசித்ததை நைனார்பாளையத்தில் எங்கள் தெருவே பார்த்திருந்தது. எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். சித்தி மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "படிக்கிறதெல்லாம் சரிதான். இன்னா இவ்ளோ கறுப்பா காட்டறாங்க உன்னிய" என்றாள். எனக்கு அந்த ஒரு பேச்சு போதுமாக இருந்தது. மறுநாள் முதல் வேலையாக எடிட்டிங் அறைக்குப் போய், படங்களுக்கு நிறம் சரிசெய்யும் கலரக்காவிடம் முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரும்படி கேட்டேன்.

அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. மவுசை நகர்த்தினார். மானிட்டரில் என் முகம் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. போதும் என்று நான் சொன்னதும் மூக்கையும் கன்னத்தையும் மட்டும் பெரிதாக்கிக் காட்டி, மூக்குத்தியைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

பார்த்தேன். பன்னிரண்டு வயதில் குத்திய வெள்ளைக்கல் மூக்குத்தி அங்கே இல்லை. கல் இருந்த இடமும் கன்னமும் ஒரே வெள்ளையாகியிருந்தன. சிரித்தால் உதட்டோரம் விழும் கோட்டையும் காணோம். புருவத்தின் வால் பாதியில் நின்றுபோயிருந்தது.

"வெளிச்சம் ஏத்த ஏத்த, வெள்ளைக்குப் பக்கத்துல இருக்கறதெல்லாம் வெள்ளையாவே போய்க்கினு இருக்கும். அப்படியே பதிஞ்சு வெளிய போயிட்டா முடிஞ்சுது. அப்புறம் எறக்கினாலும் சாம்பல்தான் வரும், மூக்குத்தி வராது" என்றார். பிறகு பழையபடி மாற்றி வைத்துவிட்டு, "இந்த மூஞ்சி நல்லாத்தான் இருக்குது. போய்ப் படி" என்று அடுத்த வேலையை எடுத்துக்கொண்டார்.

ஒரு மாதம் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை.

சேனலில் மொத்தம் ஆறு பேர். எங்கள் எல்லோருக்கும் அவர் கலரக்காதான், முதலாளிக்கும்கூட. நாற்பதைத் தாண்டியவர். தினமும் திருக்கோவிலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவார். எப்போதும் சாம்பல் நிறப் புடவை. அதே சாம்பலில் நாலைந்து வைத்திருந்தார் போலும். வீட்டில் ஏதோ துக்கம், வேண்டுதல் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினர் கல்யாணத்துக்குத் திருக்கோவிலூர் போனபோது, சர்ச்சிலிருந்து வந்த கூட்டத்தில் கிளிப்பச்சைப் புடவையும் தலை நிறைய டிசம்பர் பூவுமாக ஒரு பெண் என்னைப் பார்த்துக் கையாட்டினார். கலரக்காதான். எனக்கு அடையாளம் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. மறுநாள் கேட்டேன்.

"வேலைக்கு அதெல்லாம் கட்டக் கூடாதும்மா. செவப்புச் சேலை கட்டிக்கினு உக்காந்தா அந்தச் செவப்பு மானிட்டர் மேல அடிக்கும். கண்ணு ஏமாந்துடும். அப்புறம் ஊர்ல இருக்கற எல்லா மூஞ்சியிலயும் செவப்பக் கம்மி பண்ணிடுவேன்."

அதே காரணத்துக்காகத்தான் எடிட்டிங் அறைச் சுவரில் முதலாளி மாட்டிவைத்த ஆரஞ்சு நிறக் காலண்டரைக் கழற்றித் தன் நாற்காலிக்குப் பின்னால் திருப்பி வைத்திருந்தார். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து வாசலுக்குப் போவார். "கண்ணக் கழுவிக்கினு வர்றேன்" என்பார். தண்ணீரை எடுக்கமாட்டார். தெருவில் போகிற வண்டி, வாழைத்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை என்று கொஞ்ச நேரம் வெறுமனே பார்த்துவிட்டு வந்து உட்காருவார். ஒரே படத்தை ரொம்ப நேரம் பார்த்தால் கண் அதற்குப் பழகிவிடும், மஞ்சளாக இருப்பதுகூட வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்துவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எந்தப் படம் கைக்கு வந்தாலும் முதலில் நிறத்தை முழுக்க எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் ஒருமுறை பார்ப்பார். கலரக்கா என்று பெயர் வைத்துக்கொண்டு இது என்ன வேலை என்று நாங்கள் கேலி செய்திருக்கிறோம்.

"முடி, சுருக்கம், துணி மடிப்பு எல்லாம் இதுலதான் இருக்குது. கலரு மேல பூசறதுதான். வீடியோவுல கலருக்கு எடமே கம்மிம்மா, ரொம்ப ஏத்தினா தண்ணியில விழுந்த மை மாதிரி பக்கத்துல பரவிடும். அடியில இருக்கறது நல்லா இருந்தா மேல கொஞ்சம் பூசினா போதும்."

சேனலுக்கு விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு இது பிடிக்கவில்லை. தீபாவளி விளம்பரத்தில் புடவைகள் மின்ன வேண்டும் என்று நேரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். கலரக்கா அவர் சொன்னபடி சிவப்பை ஏற்றிக் காட்டினார். அரக்குப் பட்டு ஒரே சிவப்புத் தகடாக ஆனது. மடிப்பு இல்லை, சரிகைக் கரை இல்லை. கடைக்காரர், "இதான், இதான்" என்றார். கலரக்கா அவர் கையில் இருந்த அந்தப் புடவையை வாங்கி மானிட்டருக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"பாருங்க சார். டிவில பாத்துட்டு இத கேட்டு வருவாங்க. கடையில இதத் தருவீங்க. அது வேற இது வேறன்னு திருப்பிக் குடுப்பாங்க. சரிகைக்குத்தானே அவ்ளோ வேலை செஞ்சிருக்குது. அதக் காட்ட வேணாமா?"

கடைக்காரர் அரைமனதாகத்தான் ஒப்புக்கொண்டார். அந்தத் தீபாவளிக்குப் பெண்கள் கடைக்கு வந்து, "டிவில காட்டினீங்களே, கரையில அன்னப்பறவை போட்டது" என்று கரையைச் சொல்லிக் கேட்டார்களாம். அவரே போன் செய்து சொன்னார். கலரக்கா ஒரு வாரத்துக்குத் தலைநிமிர்ந்து நடந்தார். அடக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஜெயித்தால் ஜெயித்தேன் என்றே சொல்வார்.

எனக்கும் கலரக்காவுக்கும் நட்பு வந்தது கல்வராயன் மலைக்குப் போனபோதுதான். மலைவிவசாயம் பற்றி ஒரு நிகழ்ச்சி. கேமராமேன் செல்வம் எடுத்து வந்த படத்தில் சாமைக்கொல்லை பச்சைப்பசேல் என்று இருந்தது. கேமராவிலேயே பச்சையை ஏற்றி வைத்து எடுத்திருந்தான். கலரக்காவுக்குச் சந்தேகம். "இந்த மாசத்துல சாமை இப்படியா இருக்கும்?" எங்களுக்கு யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறிவிட்டார், என்னையும் இழுத்துக்கொண்டு. கொல்லை பழுத்து வெளிர் மஞ்சளாக அறுப்புக்கு நின்றது. வெள்ளிமலையில் ஒரு டீக்கடைக்காரரிடம் செல்போனில் செல்வம் எடுத்த படத்தைக் காட்டினோம்.

"ஐயய்ய, இது நட்டாத பயிராட்டம் இருக்குதே. இத டிவில போட்டா எங்கள ஏசுவாங்க" என்றார் அவர்.

"நட்டாத பயிர்னா?"

"கதிரே புடிக்காத பயிருங்க."

கலரக்கா அவருடைய போன் நம்பரை வாங்கிக்கொண்டார். இனி மலையைப் பற்றி எது எடுத்தாலும் அவரிடம் அனுப்பிக் கேட்பதாகச் சொன்னார். அப்படியே செய்தும் வந்தார். நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது சாமைக் கதிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தலை சாய்ந்து நின்றது தெரிந்தது.

இப்போது அவர் சென்னையில், தொடர்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் இதே வேலையில் இருக்கிறார். நான் செய்தி வாசிப்பதை விட்டுப் பல நாளாயிற்று. ஆனாலும் அவரைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால் நான் சொல்வது ஒரு பெரியவரின் கதையைத்தான். அதில் என் தப்பும் இருக்கிறது.

எங்கள் எடிட்டிங் கம்ப்யூட்டரில் முதலாளி ஒரு அமைப்பைச் செய்யச் சொல்லி வைத்திருந்தார். அதன் பெயர் 'பளிச்'. அதை அழுத்தினால் எந்தப் படமும் ஒரே அடியில் வெளுத்து, முகத்தில் இருக்கும் புள்ளி, சுருக்கமெல்லாம் மழுங்கி, கன்னம் ரோஜா நிறமாகிவிடும்.

"நம்ம ஜனங்க வெயில்ல வேலை செஞ்சுட்டு வந்து டிவி பாக்கறாங்கம்மா. பளிச்சுன்னு இருக்க வேணாமா?" என்பார் முதலாளி.

"இருக்கட்டும் சார். யாருன்னு தெரியணும் இல்ல?" என்பார் கலரக்கா. அவர் அதைத் தொட்டதே இல்லை.

ஓர் ஆடி மாதம் அவர் தங்கை பிரசவத்துக்காக நான்கு நாள் விடுப்பில் போயிருந்தார். அப்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் மயங்கி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கவாதம். பேச்சு வரவில்லை. சட்டைப்பையில் ஒன்றுமில்லை. யார் என்று தெரியவில்லை. ஆட்கள் வந்தால்தான் அவருக்கு என்னென்ன நோய், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியும், மேல்சிகிச்சைக்கு வெளியூர் அனுப்பவும் துணைக்கு ஒருவர் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். செய்தியில் முகத்தைக் காட்டச் சொன்னார்கள்.

செல்வம் போய் எடுத்து வந்தான். டியூப்லைட் வெளிச்சத்தில் பெரியவரின் கறுத்த முகம் பச்சை பூத்தாற்போல் இருந்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கலரக்கா இல்லை. செல்வம் என்னைப் பார்த்தான். நான்தான் மவுசை வாங்கி 'பளிச்'சை அழுத்தினேன். முகம் தெளிந்தது. நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன். அந்த முகத்தைக் காட்டி, இவரைத் தெரிந்தவர்கள் உடனே தொடர்புகொள்ளவும் என்று இரண்டு நாளில் ஆறு முறை வாசித்தேன். ஒரு போன்கூட வரவில்லை.

மூன்றாம் நாள் காலை கலரக்கா வந்தார். டிவியில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்று பார்த்தார்.

"இது யாரு?"

சொன்னோம்.

"நான் இன்னா ஊரு, பேருன்னா கேட்டேன்? இந்த மூஞ்சி யாரோடதுன்னு கேக்கறேன். எழுபது வயசு ஆளு மூஞ்சியில ஒரு சுருக்கம்கூடக் கெடையாதா? யாரு இத அழுத்தனது?"

நான் என்று சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து, "கேமரா கார்டு அழிக்காம இருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. கலரக்கா முதலில் நிறத்தை எடுத்தார். வாயின் இருபுறமும் ஆழமான கோடுகள், நெற்றியில் மூன்று மடிப்பு, இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய ஒரு பழைய தழும்பு எல்லாம் வந்தன. பிறகு டியூப்லைட்டின் பச்சையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, தோலின் நிறத்தை அதன் கறுப்பிலேயே நிறுத்தினார். நடுவில் இரண்டு முறை வாசலுக்குப் போய் வந்தார். கடைசியில் மானிட்டரிலிருந்து ஒரு மனிதர் எங்களைப் பார்த்தார். இரண்டு நாளாக நாங்கள் காட்டிக்கொண்டிருந்த ஆள் அவர் இல்லை.

"இது மட்டும் போதாது. ஊரு தெரிஞ்சா சீக்கிரம் ஆவும்" என்றார். "அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல நீ எதனா எடுத்தியா செல்வம்?"

ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தை அன்று காலையில் அவன் எடுத்திருந்தான். நாற்பது நிமிடப் படம். கலரக்கா ஒவ்வொரு துண்டாக ஓட்டினார். ஒரு தூணுக்குப் பக்கத்தில், பாதி வெயிலும் பாதி நிழலுமாக அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அந்தப் பை அவரிடம் இல்லை. கூட்டத்தில் எங்கோ தவறியிருக்கிறது.

அன்றைய கூட்டத்தைப் பற்றிச் செய்தியில் போட்ட படத்தில் அந்த இடம் வெயிலில் எரிந்து வெறும் வெள்ளையாக இருந்தது. கார்டில் இருந்த படத்தில் வெளிச்சத்தை இறக்கினார். வெள்ளை மெல்ல மஞ்சளானது. கல்யாண வீட்டில் தரும் தாம்பூலப் பை. சிவப்பு எழுத்து துவைத்துத் துவைத்து மங்கி, மஞ்சளோடு மஞ்சளாகக் கிடந்தது.

"எழுத்து இருக்குது. படிக்கத்தான் முடியல" என்றேன்.

"இரு. செவப்பு எழுத்து செவப்புலயும் மஞ்சள்லயும் ஒளிஞ்சுக்கும். பச்சையில ஒளிய முடியாது."

படத்திலிருந்து சிவப்பையும் நீலத்தையும் எடுத்துவிட்டுப் பச்சையின் பங்கை மட்டும் கறுப்பு வெள்ளையாகக் கொண்டுவந்தார். வெளுத்த பையின் மேல் கறுப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மாப்பிள்ளை பெயர் மடிப்புக்குள் போயிருந்தது. பெண் பெயர் பூங்கொடி. கடைசி வரியில் வெள்ளிமலை.

செல்வம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டான்.

கலரக்கா டீக்கடைக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"பூங்கொடின்னு இங்க நாலு பேரு இருக்கறாங்க அக்கா. எந்தப் பூங்கொடின்னு சொல்வேன்?"

"கல்யாணத்துக்குப் போன ஆளாத்தான் இருக்கும். மூஞ்சிய அனுப்பறேன். கடைக்கு வர்றவங்க எல்லாருக்கும் காட்டுங்க."

முகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நாங்கள் மூவரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. போன் அடித்தது. டீக்கடைக்காரருக்கு மூச்சு வாங்கியது.

"ஜீப்பு ஓட்டறவரு பாத்த ஒடனே சொல்லிட்டாரு அக்கா. புருவத்துல வெட்டு இருக்குதில்ல, அதான். பக்கத்து ஊருதான். மக இங்கதான் குடியிருக்குது. ஜீப்புலயே கூட்டிக்கினு வந்துகினு இருக்காரு."

மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு மகள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். அப்பா சின்னசேலத்தில் இருக்கும் தங்கை வீட்டில் இருப்பதாக இவள் நினைத்திருக்கிறாள். தங்கையோ, அவர் இன்னும் மலையை விட்டு இறங்கவே இல்லை என்று நினைத்திருக்கிறாள். மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவந்திருந்தாள். டாக்டர் அதைப் பார்த்ததும் உடனே எழுத ஆரம்பித்தார். அன்று மாலையே மேல்சிகிச்சைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சுக்காகக் காத்திருந்தபோது, கலரக்காவோடு அங்கே போயிருந்த என்னை மகள் அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்கதான டிவில படிக்கிறவங்க? முந்தாநாளே பாத்தனே. எங்க வூட்லதான் ஓடிக்கினு இருந்துச்சு. யாரோ செவப்பா ஒரு பெரியவரு, பாவம், யாரு பெத்த அப்பாவோன்னு நெனச்சிக்கினு போய்ட்டேன்."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. தன்னையே நொந்துகொண்டுதான் சொன்னாள். நான் வாயைத் திறப்பதற்குள் கலரக்கா முந்திக்கொண்டார்.

"உன் மேல தப்பு இல்லம்மா. அது உங்கப்பாவே இல்ல. நாங்கதான் வேற ஆளக் காட்டிட்டோம்."

'நாங்கதான்' என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவரை நான் எந்த ஜென்மத்திலும் மறக்கமாட்டேன்.

அடுத்த நாள் நடந்ததையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன். யார் அழுத்தியது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு எழுந்தார். பிறகு எடிட்டிங் அறைக்கு வந்து, "அந்தப் பளிச்ச எப்படிம்மா அழிக்கறது?" என்று கேட்டார். கலரக்கா இடத்தைக் காட்டினார். முதலாளி தன் கையாலேயே அழித்தார். அன்று மாலைச் செய்தியில் பவுடர்கூடப் போடாமல் என் நிறத்தில் உட்கார்ந்து வாசித்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சித்திகூட.

ஒரு மாதம் கழித்துப் பெரியவர் மலைக்குத் திரும்பினார். செல்வம் போய் எடுத்து வந்தான். மகள் தோளைப் பிடித்துக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்குகிறார், தானாக நாலு எட்டு நடக்கிறார், ஊரே கூடி நிற்கிறது. நல்ல காலை வெயில். கலரக்கா அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றையும் மாற்றாமல் அப்படியே அனுப்பினார். நான் வாசித்தேன்.

செய்தி முடிந்து வெளியே வந்தபோது கலரக்காவின் போன் அடித்துக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர். கடை டிவியில் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்களாம். பின்னால் ஒரே சிரிப்பும் சத்தமுமாக இருந்தது. "இருங்க அக்கா, அவரு பேசணுமாம்" என்று போனை யாரிடமோ கொடுத்தார். சத்தம் அடங்கியது. மூச்சு விடுவது மட்டும் கேட்டது. வாய் இன்னும் முழுதாகத் திரும்பாத ஒருவர், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"பா…த்தேன். அது… நாந்தான்."

கலரக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார். "ஆமாங்க ஐயா. நீங்களேதான்."